ஒரு மடக்குக்கத்திக்குப் பதவுரை

விலை உயர்ந்த மடக்குக்கத்தி விற்பவர்கள் எல்லாரும் ஒரே அச்சில் ஒரு சிறு பத்தி எழுதுகிறார்கள். அலகின் நீளம், எஃகின் பெயர், பிடி, பூட்டு, எடை, செய்த ஊர். சூத்திரம் மாதிரி சுருக்கம், வினைச்சொல்லே கிடையாது. கத்தி கைக்கு வருமுன் வாங்குகிறவர் கையில் இருப்பது இந்தப் பத்தி மட்டும்தான். இதை வைத்துத்தான் இருபது டாலர் கத்தியா, இருநூறு டாலர் கத்தியா, ஐந்நூறு டாலர் கத்தியா என்று அவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. சூத்திரம் என்றால் உரை வேண்டும் என்பது நம் மரபு. அதனால் ஒன்றுக்கு எழுதிப் பார்க்கிறேன்.

எடுத்துக்கொண்டது கிறிஸ் ரீவ் கம்பெனியின் செபென்சா. மடக்குக்கத்திப் பித்தர்கள் மற்றக் கத்திகளை அளக்கும் முழக்கோல் பல வருடங்களாக இதுதான். கீழே உள்ள மூலம் எந்த அட்டையிலிருந்தும் எழுத்துக்கு எழுத்து எடுத்ததல்ல; அந்தக் கத்தியின் விவரங்களை வழக்கமான வரிசையில் நானே தமிழில் கோத்தது.

மூலம்

செபென்சா 31, பெரியது. அலகு 3.61 அங்குலம்; டிராப் பாயின்ட்; உட்குழிவுச் சாணை. எஃகு சிபிஎம் மேக்னகட். பிடி 6ஏஎல்-4வி டைட்டேனியம். இன்டெக்ரல் லாக், செராமிக் குண்டுடன். எடை 4.7 அவுன்சு. தயாரிப்பு: பாய்சி, ஐடஹோ.

உரை

“செபென்சா 31, பெரியது”

செபென்சா ஜூலு மொழிச் சொல். வேலை என்று பொருள். கிறிஸ் ரீவ் தென்னாப்பிரிக்காவில் கத்தி செய்யத் தொடங்கி, 1989-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபோனவர். போகும்போது ஊர்ச்சொல்லையும் கட்டி எடுத்துக்கொண்டு போனார். அதே கம்பெனியின் இன்னொரு கத்தி இன்கோசி. அதற்குத் தலைவன் என்று பொருள். வேலை என்று பெயர் வைத்த கத்தியை வாங்கியவர்களில் எத்தனை பேர் அதை வேலைக்கு எடுக்கிறார்கள் என்பது வேறு கதை.

31 என்பது பதிப்பு எண் மாதிரி. 2008-இல் வந்த 21-இன் இடத்துக்கு 2019 கடைசியில் வந்தது இது. “பெரியது” என்றதனால் சிறியதும் உண்டு என்பது பெறப்படும். சிறியதன் அலகு 2.99 அங்குலம். அந்தக் கடைசி 9-ஐப் பார்த்தால், சில ஊர்ச் சட்டங்கள் மூன்று அங்குலத்தில் கோடு கிழிப்பது நினைவுக்கு வருகிறது.

“அலகு 3.61 அங்குலம், டிராப் பாயின்ட்”

ஒன்பது சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். ஒப்பிடுகிறவர்கள் முதலில் பார்ப்பது இந்த எண்ணை. கத்தியைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்வதும் இந்த எண்தான். பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் 1890-இல் ஜோசப் ஓபினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தியில் 8-ஆம் எண்ணுக்கு அலகு எட்டரை சென்டிமீட்டர். இன்றைக்கும் இருபது டாலர் அளவில் கிடைக்கும். நீளத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு விரல் நகம்கூட இல்லை. மூலம் சொல்லாமல் போன எண் கனம். செபென்சாவின் முதுகு சுமார் 3.6 மில்லிமீட்டர். ஓபினெலின் முதுகு இரண்டு மில்லிமீட்டருக்கும் கீழே.

டிராப் பாயின்ட் என்பது முதுகு மெல்லச் சரிந்து முனையில் இறங்கும் வடிவம். பெரும்பாலான வேலைக்குப் பொருத்தம். நின்று பேச ஒன்றுமில்லை.

“உட்குழிவுச் சாணை”

பத்தியின் உயிர் இந்தச் சொல்லில் இருக்கிறது. விற்பவர்கள் இதை நீளத்துக்கும் எஃகுக்கும் நடுவே செருகிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அலகின் பக்கத்தைத் தட்டையாகத் தேய்க்காமல் சுழலும் சக்கரத்தின் விளிம்பில் கொடுத்துத் தேய்த்தால், சக்கரத்தின் வளைவு அலகில் பதியும். இரண்டு பக்கமும் உள்வாங்கிக் குழியும். பழைய நாவிதர் கத்தியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குழிவு தெரிந்திருக்கும். வாய்க்கு அருகே அலகு மெலிந்திருக்கும்; முதுகை நோக்கிப் போகப் போகச் சட்டென்று தடிக்கும். கயிறு, தோல், பார்சல் டேப் என்று மேலாக அறுக்கும் வேலைக்கு இது நல்ல ஆள். ஆழமாக இறங்க வேண்டிய வேலையில் அந்தத் தடித்த தோள் வந்து முட்டும்.

தெரிந்தவர் ஒருவரிடம் செபென்சாவை ஒரு மாதம் இரவல் வாங்கி வைத்திருந்தேன். வந்த அன்றைக்கே ஒரு கேரட்டை இரண்டாக நறுக்கி, ஒரு பாதிக்கு ஓபினெல், மறுபாதிக்கு செபென்சா என்று வைத்துப் பார்த்தேன். இரண்டையும் ஒரே கல்லில் தீட்டியிருந்தேன். ஓபினெல் அடிவரை சத்தமில்லாமல் போனது. பலகையில் தட்டியபோதுதான் அறுபட்டது தெரிந்தது. செபென்சாவும் தொட்ட மாத்திரத்தில் வழுக்கி இறங்கியது. ஒரு சென்டிமீட்டர் போனதும் அலகின் தோள் கேரட்டில் இறுகியது, இன்னும் கொஞ்சம் அழுத்த, டக்கென்று பிளந்து மறுதுண்டு சமையல் மேடையின் அந்தக் கோடிக்கு ஓடியது. எடுத்துப் பார்த்தால் வெட்டுவாயின் மேல்பகுதி கண்ணாடி. கீழ்ப்பகுதி விறகு பிளந்த மாதிரி சொரசொரப்பு. இருபத்தைந்து மடங்கு விலையுள்ள கத்தி கேரட்டிடம் தோற்றது.

இதைச் சொன்னால் செபென்சாக்காரர்களுக்குக் கோபம் வரும். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. மெல்லிய அலகை வைத்து டப்பா மூடியை நெம்பினால் முனை வளையும். கனத்த முதுகு அந்த மாதிரி முரட்டுக் கைக்காகப் போட்ட காப்பு. நடுவழியும் இருக்கிறது: கொலராடோ மாநிலத்தில் கோல்டன் என்ற ஊரில் ஸ்பைடர்கோ செய்யும் பாராமிலிட்டரி 2. விலை இருநூறு டாலர் அக்கம்பக்கம். முதுகிலிருந்து வாய்வரை ஒரே சரிவாகத் தட்டையாகத் தேய்த்திருப்பார்கள். அறுப்பதில் மட்டும் கண் வைத்தால், என் கணக்கில் கொடுத்த காசுக்கு நியாயம் செய்வது அதுதான். பிறகு மிச்ச முந்நூறு டாலர் எங்கே போகிறது என்பதற்கு மூலத்தில் விடை இருக்கிறதா என்று பார்ப்போம்.

“எஃகு சிபிஎம் மேக்னகட்”

சிபிஎம் என்பது நியூயார்க் மாநிலம் சிரக்யூஸிலிருந்த குரூசிபிள் ஆலையின் தூள் எஃகு முறைக்குப் பெயர். எஃகை உருக்கி அப்படியே கட்டியாக வார்த்தால் அது மெதுவாக ஆறும். ஆறும் நேரத்தில் கார்பனும் குரோமியமும் சேர்ந்து கார்பைடு என்னும் கடினமான துகள்களாகத் திரண்டு ஆங்காங்கே பெருக்கும். அவசரத்தில் கிளறிய ரவையில் கட்டி தட்டுகிற மாதிரி. அந்தக் கட்டி கத்தியின் வாயில் வந்து உட்கார்ந்தால் அந்த இடத்தில் வாய் பொரிந்து உதிரும். தூள் முறையில் உருகிய எஃகை ஒரு துளை வழியாக ஒழுகவிட்டு, அதன்மேல் வாயுவைப் பீய்ச்சிச் சிதறடிக்கிறார்கள். ஒவ்வொரு துளியும் கண்மூடித் திறப்பதற்குள் உறைந்துபோவதால் துகள் வளர நேரமில்லை. பிறகு அந்தத் தூளை உறையில் அடைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே கட்டியாக இறுக்குவார்கள்.

மேக்னகட் இந்த முறையில் வந்த புதிய எஃகு. வடிவமைத்தவர் லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர்; வெளிவந்தது 2021. துருப்பிடிக்காத எஃகு, அதாவது நம் ஊர் எவர்சில்வர் ஜாதி, பொதுவாகக் குரோமியத்தை வாரி இறைத்துச் செய்வது. அதில் ஒரு பங்கு துருவைத் தடுக்கும். மீதி கார்பைடாகத் திரண்டு எஃகின் உறுதியைக் கெடுக்கும். தாமஸ் குரோமியத்தை 10.7 சதவீதத்துக்குக் குறைத்தார். சரியாகப் பதப்படுத்தினால் அதெல்லாம் எஃகில் கரைந்து துருவைத் தடுக்கும் வேலையில் நிற்கும்படி மற்றச் சேர்மானங்களைக் கணக்குப் பண்ணினார். தேய்மானத்தைத் தாங்க வனேடியம், நியோபியம் கார்பைடுகள், இரண்டும் பொடிப்பொடியானவை. மெச்ச வேண்டிய மூளை. அந்த எஃகைப் பேர்பெற வைத்த ஆலையோ 2024 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது.

பாடபேதம்: இந்த வரி மட்டும் காலந்தோறும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆரம்பகாலச் செபென்சாவில் ஏடிஎஸ்-34 என்பது பாடம். பிறகு பிஜி-42. 2001-இல் எஸ்30வி, அந்த எஃகு உருவானதில் ரீவுக்கே பங்கு உண்டு. அப்புறம் எஸ்35விஎன், எஸ்45விஎன், இப்போது மேக்னகட். ஒவ்வொரு முறையும் புதுப்பாடமே சிறந்தது என்றார்கள்; ஒவ்வொரு முறையும் பழைய பாடத்தைத் தேடி வாங்கும் ஒரு கூட்டம் கிளம்பியது. பிஜி-42 பாடம் கொண்ட பிரதியை ஏட்டுச்சுவடி மாதிரிப் பாதுகாக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எஃகின் பெயரை மட்டும் வைத்து விலை பேசுவதில் ஒரு பொறி இருக்கிறது. வனேடியம் கார்பைடு சாதாரண அலுமினியம் ஆக்சைடு சாணைக்கல்லைவிடக் கடினமானது. வனேடியம் அதிகம் ஏற்றிய எஃகு நாள்கணக்கில் மழுங்காது; மழுங்கினால் வைரக்கல் வாங்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் சிவப்புப் பிடிக் கத்தியில் இருப்பது மென்மையான எஃகு. சீக்கிரம் மழுங்கும். காபிக் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு போகாத வளையத்தில் நாலு இழுப்பு இழுத்தால் வாய் திரும்பி வந்துவிடும். கல் தீட்டத் தெரியாதவருக்கு எது நல்ல எஃகு?

“பிடி 6ஏஎல்-4வி டைட்டேனியம்”

ஆறு பங்கு அலுமினியம், நான்கு பங்கு வனேடியம் கலந்த டைட்டேனியம். எஃகின் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம். துருப்பிடிக்காது, வியர்வைக்கு அசையாது. மணல் பீய்ச்சி மங்கலாக்கிய சாம்பல் பரப்பில் சாவியோ காசோ உரசினால் பளிச்சென்று கோடு விழும். இதற்கு ரசிகர்கள் வைத்த பெயர் நத்தைத் தடம். ஸ்பைடர்கோவின் ஜி-10 பிடி கண்ணாடி இழையும் எபாக்சியும் சேர்த்து அழுத்தியது. விலை குறைவு, ஈரக்கையில் பிடிமானம் இன்னும் நன்றாக இருக்கும். டைட்டேனியம் இங்கே பிடியாக மட்டும் வரவில்லை, அடுத்த சொல்லுக்காகவும் வந்திருக்கிறது.

“இன்டெக்ரல் லாக், செராமிக் குண்டுடன்”

1980-ஐ ஒட்டி மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கர் லைனர் லாக்கை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். பிடிக்குள்ளே ஒரு மெல்லிய தகடு வில்லாக நின்று, அலகு விரிந்ததும் அதன் அடியில் போய் முட்டுக் கொடுக்கும். ரீவ் 1980-களின் பின்பாதியில் அந்தத் தனித் தகட்டை எடுத்துவிட்டார். பிடியின் ஒரு பக்கத்தையே நீளவாட்டில் அறுத்து, அந்தப் பட்டையை வில்லாக்கினார். கத்தியை இறுக்கிப் பிடிக்கும்போது விரல்களே பூட்டை அழுத்திக்கொண்டிருக்கும். இன்றைக்கு ஃபிரேம் லாக் என்று ஊரெல்லாம் செய்வது இதைத்தான்.

குறையும் உண்டு. டைட்டேனியம் எஃகைவிட மென்மை. கடினப்படுத்திய எஃகோடு உரசினால் ஒட்டிக்கொள்ளும். கட்டைவிரலால் தள்ளினால் கிரீச்சென்று சத்தம் போட்டு மனசில்லாமல் நகரும். சில கம்பெனிகள் உரசும் இடத்தில் எஃகுத் துண்டு வைத்தன. 31-இல் வைத்திருப்பது செராமிக் குண்டு. மடங்கிய நிலையில் அலகு தானாக விரியாமல் பிடித்துக்கொள்வதும் அதுவே, விரிந்த நிலையில் அலகைத் தாங்குவதும் அதுவே.

இதைவிட வசதியான பூட்டு குறைந்த விலையில் இருக்கிறது. பெஞ்ச்மேட் 1998-இல் கொண்டுவந்த ஆக்சிஸ் லாக்கில் விரல் அலகின் வழியில் வரவே வராது, இடக்கைக்காரரும் பயன்படுத்தலாம். கம்பி மாதிரி இரண்டு சிறு ஸ்பிரிங்குகள் அதைத் தாங்குகின்றன, என்றாவது ஒன்று முறியலாம். ஓபினெலில் 1955-இல் சேர்த்த வளையம் இன்னும் எளிமை. திருப்பினால் பூட்டு, மறுபக்கம் திருப்பினால் திறப்பு.

“எடை 4.7 அவுன்சு”

133 கிராம். பெஞ்ச்மேட் பக்அவுட் 1.85 அவுன்சு, அதாவது 52 கிராம். வேட்டியிலோ மெல்லிய கால்சட்டையிலோ செபென்சாவை வைத்துக்கொண்டு நடந்து பார்த்தவருக்கு உரை தேவைப்படாது.

“தயாரிப்பு: பாய்சி, ஐடஹோ”

இது விலாசம் போலத் தெரிந்தாலும் விலையைச் சொல்லும் வரி. சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் யாங்ஜியாங் கத்திக்குப் பேர்போன நகரம். அங்கே வீ நைஃப் என்ற கம்பெனி நடத்தும் சிவிவி என்ற பிராண்டில் ஐம்பது, அறுபது டாலருக்குப் பந்து பேரிங் வைத்த கத்தி வருகிறது. விரலால் தட்டினால் அலகு வழுக்கிக்கொண்டு விரியும். பொருத்தமும் ஒழுங்கும் கண்ணுக்குக் குறையே தெரியாது. சீனச் சாமான் என்றாலே மட்டம் என்று பேசுகிறவர்கள் அதைக் கையில் எடுத்ததில்லை. அந்த விலைக்கும் பாய்சி விலைக்கும் நடுவில் பெரும்பங்கு அமெரிக்கக் கூலியும், குறைந்த எண்ணிக்கையில் செய்வதும், பெயரும்.

மூலம் சொல்லாமல் விட்டவை

மூலத்தில் பதம் பற்றி ஒரு சொல் இல்லை. பதவுரை எழுதுகிறவனுக்குப் பதம் என்றால் சொல். கொல்லனுக்குப் பதம் என்றால் எஃகைச் சூடேற்றி, குளிர்வித்து, மறுபடி இளஞ்சூடு காட்டி எடுக்கும் நிலை. விற்பவர்களில் சிலர் ராக்வெல் எண்ணைப் போடுவார்கள். வைரக் கூம்பை 150 கிலோ பாரத்தில் அழுத்தி, எவ்வளவு இறங்கியது என்று அளந்து சொல்வது. அதுவும் கடினத்தைச் சொல்லுமே தவிர பக்குவத்தைச் சொல்லாது. பக் கம்பெனியின் 110 என்ற மடக்குக்கத்தி 1964-இலிருந்து வருகிறது. அதில் இன்று போடும் 420எச்சி மலிவான எஃகு. பால் பாஸ் என்பவர் அவர்களுக்காக வகுத்துக் கொடுத்த பதத்தால், பெயர் பெரிய எஃகைக் கெடுத்துப் பதப்படுத்திய கத்திகளைவிட அது நன்றாக நின்று அறுக்கிறது.

வாயின் கோணமும் இல்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருக்கும் காட்ரா என்ற ஆய்வு நிலையத்தின் இயந்திரம், மணல்தூள் கலந்த அட்டைகளை அலகில் வைத்து அறுத்து அறுத்து, எவ்வளவு அறுபட்டது என்று எண்ணும். எஃகை மாற்றுவதால் வரும் லாபத்தைக் கோணத்தைக் கூர்மையாக்கியே பெற்றுவிடலாம் என்பது அந்த மாதிரிச் சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிகிற விஷயம். கோணத்தை மாற்றக் காசு வேண்டாம், கல்லும் ஒரு சாயங்காலமும் போதும்.

மூன்றாவதாக விட்டது அச்சாணி. எனக்கு இது விளங்கியது ஒரு நஷ்டத்துக்குப் பிறகு. முன்பு நூற்றைம்பது டாலர் சொச்சத்துக்கு ஒரு ஃபிரேம் லாக் கத்தி வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். மூலத்தைப் படித்தால் செபென்சாவின் தம்பி. வந்த வாரமே அலகு இடவலமாக ஆட்டம் கொடுத்தது. அச்சாணித் திருகை இறுக்கினேன், ஆட்டம் நின்றது, அலகும் நின்றது. விரிக்க இரண்டு கை வேண்டியிருந்தது. கால் சுற்று தளர்த்தினேன், விரிந்தது, ஆடியது. நடுவில் ஒரு புள்ளி இருந்தது. அதைப் பிடித்து வைத்தால் மூன்றாம் நாள் திருகு தானாக நகர்ந்துவிடும்.

செபென்சாவை இரவல் கொடுத்தவர் சொன்னார், “முதல்ல அந்த ஸ்க்ரூவைக் கழட்டிப் பாருங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசுவோம்.” கம்பெனியே பெட்டியில் ஆலன் சாவியும் கிரீஸும் திருகுக்கான லாக்டைட் பசையும் போட்டுக் கொடுக்கிறது. கழற்றினால் வாரண்டி போச்சு என்று மிரட்டுகிற கம்பெனிகளுக்கு நடுவில் இது ஒரு விதத்தில் சவால். வெள்ளைத் துணியை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். இரண்டு பாஸ்பர் வெண்கல வாஷர்கள், கிரீஸ் தங்குவதற்கென்று துளை போட்டவை. அலகின் துளைக்குள் ஒரு சிறு குழாய். அந்தக் குழாயின் நீளம், அலகின் கனத்தையும் இரண்டு வாஷர்களின் கனத்தையும் கூட்டியதைவிட ஒரு மயிரிழையில் சிறு பங்குதான் அதிகம். பிடியின் இரண்டு பக்கமும் வந்து குழாயைத்தான் கவ்வுகின்றன, அலகை அல்ல. அதனால் திருகை முடிந்தவரை இறுக்கலாம். இறுக்கினேன். மணிக்கட்டு நோக இறுக்கினேன். அலகு முன்பு எப்படி நகர்ந்ததோ அப்படியே நகர்ந்தது. கெட்டியான தேனில் கரண்டி இறங்குவது மாதிரி ஒரே சீராக, இம்மி ஆட்டமில்லாமல்.

மிச்ச முந்நூறு டாலரில் எனக்கு நியாயமாகப் பட்ட பங்கு இந்தக் குழாய்க்குள்தான் இருக்கிறது. இதை மலிவாகச் செய்ய முடியாது. அளவு கொஞ்சம் கூடினால் ஆட்டம், கொஞ்சம் குறைந்தால் இறுக்கம். திருகைத் திருப்பிச் சமாளிக்கவும் வழியில்லை. அட்லாண்டாவில் ஆண்டுதோறும் நடக்கும் பிளேடு ஷோவில் தயாரிப்புத் தரத்துக்கான விருது இந்தக் கம்பெனிக்குப் பலமுறை போனதற்குக் காரணம் எஃகோ டைட்டேனியமோ என்று எனக்குத் தோன்றவில்லை. கேரட்டுக்கு இந்தக் குழாயால் ஒரு பயனும் இல்லை என்பதும் உண்மைதான்.

விலை மூலத்தில் இல்லை. திருப்பி விற்கும் விலையும் இல்லை: பழைய செபென்சா கைமாறும்போது போட்ட காசில் பெரும்பகுதி திரும்பி வரும், கீறல் இல்லாதிருந்தால். என்னுடைய நூற்றைம்பது டாலர் கத்தியை விற்கப் போனபோது பாதி கேட்டதற்கே சிரித்தார்கள்.

மாதம் முடிந்து கத்தியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் அதை மேசை விளக்கின் அடியில் பிடித்து மெல்லச் சாய்த்தார், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அட்டைப்பெட்டி ஒன்றை அறுத்தபோது பின்னூசி உரசியதில் பூட்டுப் பட்டையின்மேல் ஒரு நத்தைத் தடம் விழுந்திருந்தது. கட்டைவிரலால் அதை இரண்டு தடவை தேய்த்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, காபி போடச் சொல்லட்டுமா என்று கேட்டார்.